தங்கள் வசதிப்படி தள்ளிவைக்கலாம்

அந்தத் தண்ணீர் கம்பெனியில் தண்ணீரைவிட இனிப்பாக ஒன்று தயாரானது என்றால், அது மெசேஜக்கா எழுதும் அறிவிப்புகள்தான்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கம்பெனியில் யாருக்கும் அது நினைவில்லை. வேன் ஓட்டுகிறவர்கள், கேன் கழுவுகிற பெண்கள், வாசல் காவல்காரர் எல்லாருக்குமே அவள் மெசேஜக்கா. நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு இருபது லிட்டர் கேன் போடுகிற கம்பெனி அது. இன்றைக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும், நாளைக்கு ஏன் வராது, காலி கேனை ஏன் வெயிலில் வைக்கக் கூடாது என்று அத்தனை வீட்டுக்கும் போனில் செய்தி அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை. கேன்கள் கழுவப்படும் கூடத்தை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஓர் அட்டை.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதை ஒட்டியது முதலாளி இல்லை, அவளேதான். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் எழுதக் கூடாத சொற்கள், வலப்பக்கம் அதற்குப் பதிலாக எழுத வேண்டியவை. ‘மோட்டார் ரிப்பேர்’ என்று எழுதக் கூடாது, ‘மேம்பாட்டுப் பணி’ என்று எழுத வேண்டும். ‘இன்று வராது’ கூடாது, ‘நாளை முதல் நடையிலேயே வந்து சேரும்’ என்று போட வேண்டும். ‘வேண்டாம்’, ‘முடியாது’, ‘இல்லை’ மூன்றும் கூடவே கூடாது. ‘கிருமி’ என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் வலப்பக்கம் காலியாக இருந்தது. அதை எழுதுகிற சந்தர்ப்பமே வராது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒரு தடவை மோட்டார் எரிந்துபோய் மூன்று நாள் ஒரு வீட்டுக்கும் தண்ணீர் போகவில்லை. சனங்கள் கல்லெடுத்து அடிக்க வருவார்கள் என்று முதலாளி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெசேஜக்கா ஒன்று எழுதினாள். மறுநாள் முந்நூறு பேர் நன்றி சொல்லிப் பதில் அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் தராததற்கு நன்றி! அதைப் படித்துவிட்டு முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தன் எழுத்தின்மேல் ஒரு கர்வம். கர்வத்துக்கு என்ன, சும்மா உட்கார்ந்த இடத்தில் வளரக்கூடியதுதானே அது.

அந்தக் கர்வத்தில் பாதி அவள் தங்கைக்கும் இருந்தது. இவளைவிட ஒன்பது வயது சின்னவள். அம்மா போனபிறகு இவள்தான் தலைவாரி, பாடம் சொல்லி, கல்யாணமும் பண்ணிவைத்தாள். தங்கை கணவனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். எட்டு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். பாப்பாவுக்குப் பால்மாவு கரைப்பது அக்கா கம்பெனித் தண்ணீரில்தான். “ஏண்டி, ஒரு கொதி விட்டு ஆறவெச்சுக் குடேன்” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, தங்கை தன் போனை எடுத்து ஒரு பழைய செய்தியைக் காட்டினாளாம். ‘கொதிக்கவைக்கும் சிரமம் இனி உங்களுக்கு எதற்கு? அப்படியே பருகுங்கள்.’ எழுதியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை, லேப்காரர் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். தினமும் நிரப்பும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, குப்பியில் மருந்துப் பொடியோடு கலந்து, வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு நாள் வைப்பார். நிறம் மாறாமல் இருந்தால் நல்ல தண்ணீர், கறுத்துப்போனால் கெட்ட தண்ணீர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குப்பி ஒரு நாள் பெட்டிக்குள் இருக்கும், கேன் அன்றைக்கே வண்டியேறிவிடும். தண்ணீர் முன்னால் போகும், முடிவு பின்னால் வரும். பதினோரு வருஷமும் குப்பி கறுக்காததால் அதை யாரும் வேடிக்கையாக நினைத்ததில்லை.

செவ்வாய் சாயங்காலம் எடுத்தது ஒன்று, புதன் காலையில் எடுத்தது ஒன்று. இரண்டு குப்பியும் மை ஊற்றியதுபோல் இருந்தன.

கிருமியைக் கொல்லும் விளக்கு செவ்வாய்க்கிழமையே அணைந்துபோயிருக்கிறது. அணைந்தால் கத்துவதற்கு ஒரு மணி உண்டு. கரண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் அது கத்தித் தொலைக்கிறது என்று எவனோ வயரைப் பிடுங்கி வைத்திருந்தான். அந்த இரண்டு நாளும் மழை வேறு. சாக்கடைத் தண்ணீர் கிணற்றுத் தொட்டிக்குள் கசிந்திருந்தது. மூடியில் பதினொன்று, பன்னிரண்டு என்று தேதி குத்திய கேன்கள் மூவாயிரம் வீடுகளில் உட்கார்ந்திருந்தன.

முதலாளி அறையில் விசிறி ஓடியும் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. கெட்ட மனிதர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கேன்களைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும் என்று அவரே சொன்னார். மூன்று நாளில் எல்லாத் தெருவையும் முடித்துவிடலாம் என்று வேன்களுக்கு அப்போதே கணக்குப் போட்டார். பீதி கிளம்பிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கவலை. கெட்ட மனிதர்களைவிடப் பயந்த மனிதர்கள்தான் உலகத்தில் அதிகக் கெடுதல் செய்கிறார்கள்.

லேப்காரர் பேச்சில் நெளிவு சுளிவு தெரியாதவர்.

“இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு எழுதும்மா. அவ்வளவுதான் விஷயம்.”

“அப்படி எழுதினா நாளைக்குக் கம்பெனியை இழுத்து மூடணும் சார்” என்றார் முதலாளி. “நூறு பேருக்கு மேல இங்க வேலை செய்யறாங்க. பக்குவமா சொல்லணும். நம்ம மெசேஜம்மாவுக்குத் தெரியாததா?”

அவள் தன் அறைக்குப் போய் எழுதினாள். முதலில் ஒழுங்காகத்தான் எழுதினாள். ‘மூடியில் 11, 12 தேதி உள்ள கேன்களிலிருந்து குடிக்க வேண்டாம்’ என்று தொடங்கியது அது. முதலாளி அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரிலிருந்த அட்டையில் ‘வேண்டாம்’ என்ற சொல்லை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தான் வகுத்த சட்டத்தைத் தானே மீறியதுபோல் இருந்தது. மளமளவென்று வேலையில் இறங்கினாள். ஒரு சொல்லை எடுத்தாள், இன்னொன்றை வைத்தாள். கால் மணி நேரத்தில் அது அவள் எழுத்தாகிவிட்டது.

‘அன்பு வாடிக்கையாளரே! உங்கள் இல்லத்தின் நலமே எங்கள் அக்கறை. தரத்தை மேலும் உயர்த்தும் முயற்சியாக, மூடியில் 11, 12 தேதிகள் உள்ள கேன்களைத் திரும்பப் பெற்று, புத்தம்புதிய கேன்களை இலவசமாக வழங்குவதில் மகிழ்கிறோம். எங்கள் ஊழியர் மூன்று நாட்களுக்குள் உங்கள் வாசலுக்கு வருவார். அதுவரை அந்தக் கேன்களின் பயன்பாட்டைத் தங்கள் வசதிப்படி தள்ளிவைக்கலாம். என்றும் புன்னகையுடன் பருகுங்கள்!’

லேப்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். “எங்கம்மா இருக்கு விஷயம்?” என்றார்.

“கடைசிக்கு முந்தின வரியில இருக்கு சார்.”

“தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும் போல” என்று சொல்லிவிட்டு, குப்பிகளைக் கழுவ மாடியேறிவிட்டார். அவரும் அதற்குமேல் சண்டை போடவில்லை.

பதினொன்றே முக்காலுக்குச் செய்தி போயிற்று. மூவாயிரம் பெயர்களில் தங்கையின் பெயரும் ஒன்று. புதன்கிழமைதான் அவள் வீட்டுக்குக் கேன் போயிருந்தது. மெசேஜக்கா போனைக் கையில் எடுத்து, தங்கையின் எண்ணை அழுத்தவும் செய்தாள். மணி அடிப்பதற்குள் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தாள், செய்திக்குக் கீழே இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருந்தன. படித்துவிட்டாள். உடனே பதிலும் வந்தது. ‘இலவசமாவா? உங்க கம்பெனிக்கு என்ன ஆச்சு? சூப்பர்க்கா!’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி.

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அதுதான் படித்துவிட்டாளே, இன்னும் என்ன தனியாகச் சொல்வது? கூப்பிட்டுச் சொன்னால் தான் எழுதியது போதவில்லை என்றல்லவா ஆகிவிடும்? அப்படி அவள் சொல்லாகச் சொல்லி நினைக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் அதுதான் இருந்தது. பிற்பாடு எத்தனையோ முறை அந்த அரை நிமிஷத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அதுதான் இருந்தது என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மேஜைமேல் தூக்கி வைத்திருந்த கேனில் அன்றைய தேதி இருந்தது, புது விளக்கு போட்டபின் நிரப்பியது. ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து போன் வந்தது. பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வாந்தியும் பேதியுமாக இருந்ததாம். பல் முளைக்கிறதாக்கும் என்று இருந்துவிட்டார்களாம். காலையில் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

மெசேஜக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறுகாலில் வெளிச் செருப்புமாகத்தான் ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் இறங்கிய பிறகுதான் அதைக் கவனித்தாள்.

குழந்தைகள் வார்டின் கோடியில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாப்பா கிடந்தது. புறங்கையில் ஊசி குத்தி, அந்தக் கை ஆடாமல் இருக்க ஒரு மரப்பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பலகை கையைவிடப் பெரிதாக இருந்தது. தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

“என்ன தண்ணி குடுத்தீங்கன்னு டாக்டர் கேட்கறாங்கக்கா. கேன் தண்ணிதான், சுத்தமான தண்ணிதான்னு சொன்னேன். எங்க அக்கா கம்பெனின்னு சொன்னேன்.”

“எந்தக் கேன்?” என்றாள்.

“புதன்கிழமை போட்டாங்களே, அதுதான்.”

“அந்தக் கேனா? நான்தான் மெசேஜ் அனுப்பினேனேடி!”

சொன்ன பிறகுதான் தன் காதில் அது விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தங்கை கட்டிக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்தாள். பையிலிருந்து போனை எடுத்து, அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தாள். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘என்றும் புன்னகையுடன் பருகுங்கள்’ என்று முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அன்னிக்கே ரெண்டு தடவை படிச்சேன்க்கா. எப்படி எழுதறா பாருன்னு அவருக்குக்கூட அனுப்பிவெச்சேன். இதுல குடிக்காதேன்னு எங்க இருக்கு? எனக்குக் காட்டு.”

தங்கை போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“தள்ளிவைக்கலாம்னு போட்டிருந்தே. வசதிப்படின்னு போட்டிருந்தே. எனக்கு வசதிப்படலை. வீட்ல வேற தண்ணி இல்லை, இவளைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்க முடியலை. எப்படியும் இலவசமாப் புதுசு வரப்போகுது, இருக்கறதை ஏன் வீணாக்கணும்னுதான் நினைச்சேன்.” அவள் குரல் ஏறவே இல்லை. “உனக்குத் தெரியுமா? எழுதும்போதே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் அக்கா.

தங்கை தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். போய்விடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அன்று மத்தியானம் முதலாளி போன் செய்தார். ஏழெட்டு வீடுகளிலிருந்து வயிறு சரியில்லை என்று பேச்சு வருகிறதாம். கேன்களில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறதாம். “மனசைத் தேத்தறமாதிரி ஒண்ணு நல்லா எழுதிடும்மா. உன்னை விட்டா யார் இருக்கா எனக்கு?” என்றார். குழந்தையைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. “சரி சார்” என்று வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து தன் போனிலேயே எழுதினாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் எழுதியதில்லை.

‘11, 12 தேதி கேன் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கிருமி இருக்கிறது. குடித்தவர்கள் உடனே டாக்டரைப் பாருங்கள்.’

யாரிடமும் காட்டாமல் மூவாயிரம் பேருக்கும் அனுப்பினாள். படபடவென்று பதில்கள் விழுந்தன. நன்றி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ‘இதை இன்னிக்கா சொல்றீங்க?’ ‘மூணு நாளா இதைத்தானே குடிக்கறோம்.’ ‘எங்க அப்பாவுக்குக் காய்ச்சல்.’ முதலாளியின் எண்ணிலிருந்து அழைப்புமேல் அழைப்பாக வந்தது. அவள் எடுக்கவில்லை. படி ஏறி மேலே வந்தபோது, பெஞ்சில் தங்கையும் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வாடிக்கையாளர்தானே, அவளுக்கும் வந்திருந்தது. படித்துவிட்டுப் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஞாயிறு அப்படியே போயிற்று. குழந்தை ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். தங்கை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அரை நாள் நின்றாள். அக்கா வாங்கிவந்த பிஸ்கட்டை அவள் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்ததைக் கொஞ்சம் சாப்பிட்டாள். கப்பலிலிருந்து கணவன் பேசினான். அவன் இறங்குவதற்கு ஒரு வாரம் ஆகுமாம்.

திங்கட்கிழமை பிற்பகல், மூன்று நாளாகத் தூங்காத தங்கை பெஞ்சிலேயே கைப்பையைத் தலைக்கு வைத்து அசந்துவிட்டாள். அப்போதுதான் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பெஞ்சைப் பார்த்தார், பிறகு மெசேஜக்காவைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி ஜன்னலோரம் கூப்பிட்டார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். செய்யக்கூடியதெல்லாம் செய்தோம் என்றார். பத்து நிமிஷம் முன்னால் என்றார்.

“அவங்களை எழுப்பி நீங்களே சொல்லிடுங்க. கூடப்பிறந்தவங்க நீங்க. பக்குவமா சொல்லுங்க.”

மெசேஜக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதைவிடக் கொடுமை, அந்த நேரத்திலும் மண்டைக்குள் வாக்கியங்கள் தாமாக வந்து வரிசை கட்டின. ‘பாப்பாவுக்கு இனி வலி இல்லை.’ ‘டாக்டருங்க முடிஞ்சதெல்லாம் செஞ்சாங்க.’ ‘நீ மனசைத் தேத்திக்கணும்.’ எல்லாம் அழகாக இருந்தன. எல்லாவற்றிலும் விஷயம் கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது.

பெஞ்சுக்குப் போய்த் தங்கையின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள். தங்கை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, கதவைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன சொன்னாங்க?”

அக்கா அவள் கையைப் பிடிக்கப்போனாள். தங்கை பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“உங்க கம்பெனிக்கு எழுதறமாதிரி எங்கிட்ட சொல்லாதே. என்னன்னு சொல்லு.”

அவர்கள் வீட்டில் யாரும் எந்தக் குழந்தையைப் பற்றியும் வாயால் சொல்லியிராத சொல் அது. நாய்க்கும் பூனைக்கும் சொல்வார்கள். அக்கா அதைத்தான் சொன்னாள்.

“பாப்பா செத்துப்போச்சு.”

தங்கை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போனாள். அக்காவும் எழுந்தாள், ஆனால் கூடப் போகவில்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை.